வெயில் நாளில் திரிந்த பால்

வெயில் அடிக்கிற நாளில் பால் திரிகிறது, மழை நாளில் திரிவதில்லை. அந்த ரப்பர் தோட்டத்துப் பால் சங்கத்திலிருந்து எனக்கு வந்த முறைப்பாடு இவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டதும் சிரித்துவிட்டேன். வெயிலுக்குத் திரியக்கூடாது என்றுதானே பாலைக் குளிர்த் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அந்தத் தொட்டிக்குப் புதுக் கம்ப்ரசர் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வைத்தவள் நான்தான் என்பது மெதுவாக உறைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

புளத்கொகுபிட்டிய பஸாரில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் திருத்துகிற கடை என்னுடையது. வருகிறவர்கள் முதலில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். "பாஸ் இல்லையா?" என்று கேட்பார்கள். கைவேலை தெரிந்த ஆளை இங்கே பாஸ் என்றுதான் சொல்வது. "நான்தான் பாஸ்" என்று சொல்லிச் சொல்லியே என் குரலில் ஒரு முரட்டுத்தனம் ஏறிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, படித்து, வாயு அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்டையும் வெல்டிங் டோர்ச்சையும் கையில் பிடித்தவள் என்ற திமிரும் அதில் கொஞ்சம் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

எங்கள் தொழிலில் பாதிச் சண்டை கம்ப்ரசரின் அளவைப் பற்றித்தான் வரும். பெரிதாக வைத்தால் நன்றாகக் குளிரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பஸாரில் கோழிக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரும் அப்படித்தான் நின்றார். அவருடைய ஃப்ரீசர் கம்ப்ரசர் எரிந்தபோது, "மகள், இதவிடப் பெரிசா ஒண்டு போடுங்க, இனி இந்தக் கரைச்சல் வரப்படாது" என்றார். எனக்கு அப்போது தொழில் புதிது, அவர் வாடிக்கை எனக்குத் தேவை, போட்டுக் கொடுத்தேன்.

என்ன ஆயிற்று என்றால், பெட்டிக்குள் இருக்கும் குழாய்களில் வாயு கொதித்து ஆவியாவதற்கு முன்பே அந்தப் பெரிய கம்ப்ரசர் அதை உறிஞ்சத் தொடங்கியது. பின்பக்கக் குழாயில் பனி தடித்து நின்றது, பெட்டிக்குள்ளே கோழி அரைகுறையாக இறுகியது. இரண்டு நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். குழந்தைக்குப் பெரிய கரண்டியால் சோறு ஊட்டினால் வாயில் போவதைவிடச் சட்டையில் போவது அதிகம், அப்படித்தான். சில மாதத்தில் அதுவும் செத்தது. நானா என்னைத் திட்டவில்லை, "நான் சொன்னதுதானே" என்று தலையில் கை வைத்தார். அன்றிலிருந்து பெரிது கேட்டு வருகிறவர்களோடு நான் வாதாடத் தொடங்கினேன். பாடம் நல்ல பாடம்தான், நான் அதை அளவுக்கு மேலே படித்துவிட்டேன்.

பால் சங்கத் தொட்டி அப்படிப்பட்ட நேரத்தில்தான் என்னிடம் வந்தது. தோட்டத்தில் மரப்பட்டையைக் கீறி ரப்பர் எடுக்கிற வெட்டுக்குப் போகிற குடும்பங்கள் பலவற்றில் மாடு உண்டு. மாலையில் கறந்த பாலும் காலையில் கறந்த பாலும் ஒரே எவர்சில்வர் தொட்டியில் சேரும். காலை எட்டரைக்கு வரும் லொறி அதை ஏற்றிக்கொண்டு போகும். தொட்டியின் பழைய கம்ப்ரசர் இரண்டு குதிரைவலு, ட்வென்டி டூ என்று நாங்கள் சொல்லும் பழைய வாயுவில் ஓடியது. அது எரிந்துபோயிருந்தது.

பால் நிலையத்தின் சாவி ஒரு பெண்ணிடம் இருந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும், ஆனால் தோட்டமே அவரை அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். வெட்டுக்குப் போகும்போது மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் போனவர். மேடு ஏறி மரம் வெட்ட இனி முடியாது. தொட்டியைக் கழுவி, பாலை அளந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிற இந்த வேலைதான் அவருக்கு இருந்தது. புருஷன் இல்லை, படிக்கிற பிள்ளைகள் இரண்டு.

முதல் நாள் நான் தொட்டியை அளந்துகொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலையில ஒரே கூட்டமா வந்து ஊத்துவாங்க மிஸ். பழசு அதுக்கே மூச்சு வாங்கும்."

"எல்லாம் கணக்கு இருக்கு அக்கா" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கணக்கு இருந்தது உண்மைதான். மாலைப் பால் நூற்றைம்பது லீட்டர், காலைப் பால் இருநூற்றைம்பது. மாட்டின் மடியிலிருந்து வருகிற பாலின் சூடு முப்பத்தைந்து, இறக்க வேண்டியது நாலுக்கு. சுவரில் மாட்டியிருந்த போர்டில் காலை ஐந்து முதல் எட்டு வரை பால் எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. ஆகவே மூன்று மணித்தியாலம். கொப்பியில் வகுத்துப் பார்த்தேன், ஒன்றரைக் குதிரைவலு போதும். இரண்டு எதற்கு? கோழிக்கடை ஞாபகம் வந்தது, உதட்டைச் சுழித்துக்கொண்டேன்.

வாயுவைத் தெரிவு செய்ய அதைவிட அதிக நேரம் எடுத்தேன். அந்த வேலை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு குணம். ட்வென்டி டூ வானத்து ஓசோனைத் தின்கிறது என்று உலகமே கைவிட்டுக்கொண்டிருக்கிறது, கிடைப்பதும் கஷ்டம். டூ நைன்ட்டி நல்ல குளிர் தரும், ஆனால் அது அடுப்பில் எரிகிற வாயுவின் உடன்பிறப்பு. பக்கத்திலேயே வெந்நீர் அடுப்பு வைத்திருக்கிற அறையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன் தர்ட்டி ஃபோரை எடுத்தேன். அழுத்தம் குறைவு, கரண்ட் பலமில்லாத இடத்தில் மோட்டார் சிரமமில்லாமல் எழும்பும். ஆனால் அதே அளவு கம்ப்ரசரில் அதை ஓடவிட்டால் பழைய வாயுவைவிடக் குளிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், பழைய எண்ணெயோடும் அது சேராது. அதற்கென்றே செய்த கம்ப்ரசர், அதற்குரிய எண்ணெய், அதற்குரிய வால்வு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். பழையது ஏன் செத்தது என்று மட்டும் கேட்கவில்லை. எரிந்த கம்ப்ரசரைக் கழற்றி மூலையில் தள்ளிவிட்டேன்.

இரண்டு கிழமையில் முறைப்பாடு வந்தது.

பால் லொறியில் வருகிற சிங்கள ஐயா ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பாலும் ஸ்பிரிட்டும் சம அளவில் ஊற்றி ஆட்டிப் பார்ப்பார். பால் வழுவழுவென்று ஓடினால் ஏற்றுவார். குழாய்ச் சுவரில் பொடிப் பொடியாக ஒட்டினால், "நங்கி, கிரி நரக் வெலா" என்று சொல்லிவிட்டுக் குழாயைக் கழுவி வைத்துக்கொண்டு போய்விடுவார். தங்கச்சி, பால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு நானூறு லீட்டரும் வடிகானில்தான் போகும். அதிசயம் என்னவென்றால், அப்போது தொட்டியின் வெப்பமானி நாலைக் காட்டுமாம். சில்லென்று இருக்கிற பால் எப்படித் திரியும்?

நான் போனேன். பஸாரிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் முதல் பஸ்ஸில் போனாலும் அங்கே சேரப் பத்து மணியாகும். மெஷின் பூனை மாதிரி மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. வெயிலைத்தான் சந்தேகப்பட்டேன். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் மேற்கே பார்த்திருந்தது, அதற்குத் தகரத்தில் நிழல் கட்டினேன். மறுபடி திரிந்தது. விசிறியை மாற்றினேன். மறுபடி திரிந்தது.

பிறகு வாயுவைச் சந்தேகப்பட்டேன். சிலிண்டரில் எழுதியிருப்பது ஒன்றும் உள்ளே இருப்பது வேறொன்றுமாக இருக்கிற காலம் இது. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மிச்சமிருந்த சிலிண்டரை ஒரு நாள் முழுக்கக் கடையின் நிழலில் அசையாமல் வைத்துவிட்டு, அறையின் சூட்டையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் படித்தேன். ஒவ்வொரு வாயுவுக்கும் இந்தச் சூட்டுக்கு இந்த அழுத்தம் என்று அட்டவணை உண்டு. கலப்படம் என்றால் எண் தள்ளி நிற்கும். என் வாயுவின் எண் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம், கூடவே ஒரு எரிச்சலும். மெஷினில் பிழை இல்லை என்றால் பிழை எங்கேயோ இருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை போனபோது கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு ஈரச் சாக்கு கிடந்தது. அதைத் தூக்கியதும் அழுகல் நாற்றம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அக்கா இது? கரண்ட் ஓடுற இடத்துல ஈரச் சாக்கு? இப்பிடித்தான் கேனும் கழுவுறீங்களா?"

"அது நிக்கிறப்ப போடுறது மிஸ். காலையில நின்னு நின்னு ஓடுது."

"நிக்கத்தான் செய்யும். போதுமான அளவு குளிர்ந்தா நிக்கும். அதுக்குத்தான் உள்ள சுவிட்ச் இருக்கு."

சங்கத் தலைவர் அங்கேதான் நின்றார், மலையில் கங்காணியாக இருப்பவர். அவர் கேட்கும்படி சொன்னேன்: "மெஷின்ல ஒரு பிழையும் இல்லங்க. கேனைப் பாருங்க, சுத்தத்தைப் பாருங்க." தலைவர் பெருமூச்சு விட்டார். "அடுத்த மாசக் கூட்டத்துல சாவிய வேற ஆளுக்குக் குடுத்துருவோம். சனம் சும்மா இருக்காது" என்றார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்பேனர்களை எண்ணிப் பைக்குள் போட்டேன்.

எண்ணியும் ஒன்றை மறந்துவிட்டேன், கேஜ் செட்டை. நாலு நாள் கழித்து அதை எடுக்கப் போனபோதுதான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். பால் திரிந்த நாட்களில் அக்கா கரித்துண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார். கறுப்பு எழுத்து நாட்களில் குறிகள் சிதறிக் கிடந்தன. சிவப்பு எழுத்து நாட்களில் ஒன்றுகூட இல்லை. ஒரு ஞாயிறும் இல்லை, பௌர்ணமி விடுமுறையான போயாவும் இல்லை.

அந்தப் போயா எனக்கு நன்றாக ஞாபகம். கடை பூட்டு. மிளகாய் காயப் போட்டேன், ஒரே நாளில் கலகலவென்று காய்ந்தது, அப்படி ஒரு வெயில். அன்றைக்குப் பால் திரியவில்லை. அப்படியானால் வெயில் காரணமில்லை. லீவு நாள் என்று பாலுக்கு எப்படித் தெரியும்? மழை நாளுக்கும் ஞாயிற்றுக்கும் போயாவுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

அக்கா வாசலில் கேன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கண்டும் எழும்பவில்லை. "ஞாயித்துக்கெழம மட்டும் என்ன வித்தியாசம் அக்கா?" என்று கேட்டேன்.

"வந்து பாருங்க மிஸ்" என்றார், கேனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்து மணிக்கு இல்ல. அஞ்சு மணிக்கு."

அவருக்குக் கோபம், அது நியாயம். மறுநாள் விடியுமுன்பே ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்துப் போனேன். மழை இல்லை, மரப்பட்டை காய்ந்திருந்தது, வெட்டு உள்ள நாள். ஐந்து மணிக்கு அக்கா கதவைத் திறந்தபோது தொட்டியில் மாலைப் பால் மூன்றே முக்காலில் நின்றது. ஐந்து பத்து வரை ஒருவரும் வரவில்லை. நான் கொட்டாவி விட்டேன்.

பிறகு வந்தார்கள். லயத்துப் பக்கமிருந்து செருப்புச் சத்தம், கேன் மூடிச் சத்தம், "வழி வுடுங்க, வழி வுடுங்க." வெட்டுக் கத்தியும் வாளியும் ஒரு கையில், பால் கேன் மறு கையில். ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்கவில்லை என்றால் அன்றைய வேலையும் கூலியும் போய்விடும். ஆகவே எல்லோரும் கறந்த கையோடு ஓடி வந்து, ஊற்றிவிட்டு, காலிக் கேனோடு ஓடினார்கள். அக்கா ஒருவரையும் காக்க வைக்காமல் அளந்து ஊற்றினார். இருபது நிமிடம். இருநூற்றைம்பது லீட்டரும் தொட்டிக்குள். வெப்பமானி இருபத்திரண்டைத் தாண்டியது. இராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த மாலைப் பாலும் அந்தச் சூட்டில் சேர்ந்து வெதுவெதுப்பானது.

மேலே தொங்கிய பல்ப் மங்கியது. லயம் முழுக்க அதே நேரத்தில் தேநீருக்குக் கரண்ட் கேத்தில் போட்டிருந்தது. சூடான பால் வந்ததும் வாயு பொங்கிக்கொண்டு கம்ப்ரசருக்குத் திரும்புகிறது, மோட்டார் இரண்டு மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது, கரண்டோ தேய்ந்து வருகிறது. உறுமல் முனகலானது. டிக் என்றது. நின்றுவிட்டது. குளிர்ந்து நிற்கவில்லை, சூடேறி, எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள நின்றது. கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. பழையது எப்படிச் செத்திருக்கும் என்று அப்போது புரிந்தது.

அக்கா சாக்கைப் பின்புறத்துப் பீலியில் விழும் மலைத் தண்ணீரில் நனைத்து வந்து கம்ப்ரசரின் மேல் போர்த்தினார். அது ஆறினால்தான் மறுபடி எழும்பும் என்று அவர் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். எழும்பக் கால் மணிக்கு மேல் ஆனது, பிறகு இன்னொரு தடவை நின்றது. அத்தனை நேரமும் பால் வெதுவெதுப்பாகவே கிடந்தது. எட்டரைக்கு லொறி வரும்போது எப்படியோ இழுத்துப் பிடித்து நாலுக்கு வந்துவிட்டது. வெப்பமானியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழாயில் பொடி ஒட்டியது.

மழை பெய்தால் மரம் நனையும், வெட்டு இல்லை, பெரட்டுக்கு ஓட்டம் இல்லை. ஞாயிறும் போயாவும் அப்படித்தான். ஆட்கள் தேநீர் குடித்துவிட்டு, கதைத்துக்கொண்டு, எட்டு மணி வரை ஒவ்வொருவராக வருகிறார்கள். என் ஒன்றரைக் குதிரைவலுவுக்கு அந்த நாட்கள் மட்டும்தான் பொருத்தம். நான் பாலின் அளவை வகுத்தேன், அது வந்து சேரும் வேகத்தை விட்டுவிட்டேன்.

பெரிய கம்ப்ரசர் வைக்கலாமா என்று அங்கேயே நின்று யோசித்தேன். அந்தக் கரண்டில் அது எழும்பத் திணறும், பழையதைப் போலவே எரியும். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தேன். பிறகு, இவ்வளவு நாளும் செய்யாததைச் செய்தேன், அக்காவிடம் கேட்டேன்.

"தொட்டி வர்றதுக்கு முந்தி என்ன செஞ்சீங்க?"

"கேன பீலியில வச்சிருப்போம். அரை மணி வச்சா சூடு போயிரும்."

பீலி கட்டடத்துக்குப் பின்னால் இருபது அடியில் இருந்தது. மலையிலிருந்து குழாய் வழியாக இரவு பகல் ஓடுகிற தண்ணீர். வெப்பமானியைப் பிடித்தேன், இருபத்திமூன்று. அதற்குக் கரண்டும் வேண்டாம், வாயுவும் வேண்டாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்த மூன்று நாளும் சங்கத்தின் உதிரிக் கேன்களைத் தேடி எடுத்தோம், பீலியின் கீழே சீமெந்தில் ஒரு தொட்டி கட்டினோம். வருகிற பாலை முதலில் உதிரிக் கேனில் ஊற்றி ஓடும் தண்ணீரில் நிற்க வைப்பது. அரை மணி கழிந்த கேனை மட்டும், ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு, குளிர்த் தொட்டியில் ஊற்றுவது. வெட்டு உள்ள நாளில், நல்ல வெயிலில், மோட்டார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. லொறி ஐயா குழாயை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, சம்மதமாகத் தலையாட்டி, "ஹரி" என்றார்.

சாவியைப் பற்றி முடிவெடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். சாவி தலைவரின் மேசையில் கிடந்தது. "மெஷின்ல பிழை இல்லன்னு சொன்னது நான். பிழை என் கணக்குல. இவங்க முதல் நாளே சொன்னாங்க, நான் கேக்கல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். முணுமுணுப்பு எழுந்தது, யாரோ பின்னாலிருந்து "பாஸுக்கே பிழையா" என்றார்கள், சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். தலைவர் சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது அக்கா காலை இழுத்துக்கொண்டு கூடவே வந்தார். சாக்குக்காகத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது போகுது" என்றார்.

"மிஸ்ஸும் லயத்துப் பிள்ளதானே? வீட்டுல மாடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பால யாரு கொண்டு போனா?"

"நான்தான். அம்மா கறந்து குடுக்கும்."

"எத்தன மணிக்கு?"

பதில் நாக்கில் வந்து நின்றது. அம்மா தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டே கேனை என் கையில் திணித்து முதுகில் தட்டுவார். நான் பால் சிந்தாமல் ஓடிப்போய் ஊற்றிவிட்டு, கேனைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால்தான் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு ஓட முடியும். எத்தனை வருடம் அப்படி ஓடியிருக்கிறேன்.

"பெரட்டுக்கு முந்தி" என்றேன்.

அக்கா நின்று என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் முகம்.

"பொறகு எப்பிடி மிஸ் மூணு மணித்தியாலம்னு எழுதுனீங்க?"

"போர்டுல அப்பிடித்தான் இருந்துச்சு" என்றேன். வெட்கமாக இருந்தது. பஸ் வந்ததும் கொப்பியை எடுத்து, மூன்று மணித்தியாலத்தை அடித்துவிட்டு, இருபது நிமிடம் என்று எழுதினேன்.